நல்ல மண் என்று சொன்னேன்

எங்கள் கோயிலின் இந்த வருட மலருக்குக் கட்டுரை கேட்டு நிர்வாகசபைத் தம்பி ஒருவர் தொலைபேசியில் என்னைப் பிடித்தார். கோயில் வளவில் மரக்கறித் தோட்டம் போடப் போகிறார்களாம்.

"அண்ணை, நீங்கள் இருபத்திரண்டு வருசம் சினகோக்கில வேலை செய்தனீங்கள். அவையள் சுற்றாடலைப் பாக்கிறதை ஒரு சமயக் கடமையாச் செய்யிறவையாம். அதைப் பற்றி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோவன். எங்கட ஆக்களுக்கும் ஒரு உசார் வரும்."

பிறகு பார்ப்போம் என்று இரண்டு முறை தட்டிக் கழித்தேன். மூன்றாம் முறை ஒத்துக்கொண்டேன். வாசிப்பவர்களுக்கு உசார் வருமோ தெரியாது. நான் எழுதக்கூடியது எனக்கு நடந்ததை மட்டுந்தான், அதில் பெரும்பகுதி வெட்கக்கேடு.

மொன்றியலுக்கு அகதியாக வந்த புதிதில் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் நிலம் கழுவினேன். அங்கே கூட வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் சினகோக் வேலைக்குப் போனேன். சினகோக் என்பது யூதர்களின் வழிபாட்டு இடம். பெயரையும் தெருவையும் விட்டுவிடுகிறேன், அந்த மக்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. என் வேலைக்குக் கட்டடப் பராமரிப்பாளர் என்று பெயர். பனி அள்ளுவது, கதிரை அடுக்குவது, கழிவறை அடைத்தால் எடுப்பது, நிலவறையில் எண்ணெயில் எரிந்து கட்டடத்தைச் சூடாக்கிய பழைய பொயிலரைக் குளிர்காலம் முழுக்க உயிரோடு வைத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நண்பர்கள் என்னைச் 'சினகோக் ஐயர்' என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அந்த வேலையில் சனிக்கிழமை ஒரு தனிப் பாடம். அது அவர்களின் ஓய்வு நாள், விளக்கின் சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்கள். எனக்கு நேராக ஒரு வேலையும் ஏவ மாட்டார்கள். "இந்த அறை குளிர்கிறது போல" என்று ஒருவர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். நான் கீழே இறங்கிச் சூட்டைக் கூட்டிவிடுவேன். சொல்லாததை விளங்கிக்கொள்ளவும், கேட்காமல் செய்து முடிக்கவும், செய்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கவும் அங்கே பழகினேன். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தது அதனால்தான். பின்னால் அந்தப் பழக்கமே எனக்கு மறைவிடமும் ஆனது.

எனக்கு முன் இருந்தவர் ஒரு கிரேக்கக் கிழவர், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்து வருபவர். மூன்று கிழமை கூட வைத்து எல்லாம் காட்டினார். வசந்தத்தில் பொயிலரைத் துப்புரவாக்கும்போது எண்ணெய்த் தாங்கியின் அடியில் கறுப்பாக ஒரு மண்டி சேரும். அதை வாளியில் எடுத்துப் பின்பக்கம் போனார். கட்டடத்துக்கும் பின் ஒழுங்கைக்கும் இடையில் ஒரு நீள நிலத்துண்டு உண்டு. மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, ஊற்றி, மூடி, மேலே சப்பாத்தால் மிதித்தார். "முடிந்தது" என்றார்.

அவர் காட்டினார், நான் செய்தேன் என்று எழுதினால் பாதிப் பழி அவருக்குப் போய்விடும். அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை. இப்படியான கழிவை வாங்குவதற்கென்றே மாநகரசபை ஓர் இடம் வைத்திருக்கிறது, காசும் கேட்பதில்லை. அது எனக்கு முதல் வருடமே தெரியும். என்னிடம் கார் இல்லை, எண்ணெய் வாளியோடு பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நாலாம் வருடம் கார் வாங்கினேன். அதன் பிறகும் கிடங்குதான் வெட்டினேன். எண்ணெய் மண்டியோடு தின்னரையும், மிஞ்சிய பெயின்டையும், பழைய யன்னல் சட்டங்களில் சுரண்டிய பெயின்ட் பொருக்குகளையும் அதே துண்டுக்குள் புதைத்தேன். பொயிலரை எரிவாயுவுக்கு மாற்றிய பிறகுதான் நிறுத்தினேன், அதுவும் ஊற்ற எண்ணெய் இல்லாததால். மேலே புல் முளைத்தது. நானும் மறந்துவிட்டேன்.

மிரியம் கட்டடக் குழுவுக்குத் தலைவியாக வந்தது என் வேலையின் கடைசிப் பகுதியில். இளைப்பாறிய இரசாயன ஆசிரியை, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மற்றத் தலைவர்கள் மேலே இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர் படியிறங்கி நிலவறைக் கதவடியில் நின்று, "சிவா, இப்போது நேரம் இருக்கிறதா?" என்று கேட்பார். நான் தலையசைத்த பிறகுதான் உள்ளே வருவார். உட்கார மாட்டார். கையில் சின்னதாக ஒரு கொப்பி இருக்கும். "கேள்வி ஒன்று" என்று தொடங்குவார். நான் சொன்ன பதிலை எழுதி, அதை எனக்கே திருப்பி வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டபின் மூடுவார். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் இன்னொரு வழக்கம். இலையுதிர்காலத் தொடக்கத்தில் யூதர்களுக்குப் பாவமன்னிப்பு நாள் ஒன்று வரும். அன்று கடவுளிடம் மன்னிப்புக் கேட்பார்கள். ஆனால் மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதனிடம்தான் கேட்க வேண்டும், கடவுளால் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் அந்த நாளுக்கு முன்னம் ஒருவர் மற்றவரைத் தேடிப் போவார்கள். மிரியம் ஒவ்வொரு வருடமும் நிலவறைக்கும் வருவார். "இந்த வருடம் உங்களுக்கு ஏதும் பிழை செய்திருந்தால் மன்னியுங்கள், சிவா" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். "ஐயோ, ஒன்றும் இல்லை மேடம்" என்பேன். பொங்கல் வாழ்த்துப் போல அதுவும் ஒரு மரியாதை என்றே நினைத்தேன். திருப்பி நானும் கேட்கலாம் என்று ஒரு வருடம்கூடத் தோன்றவில்லை.

ஒரு வசந்தத்தில் தோட்டப் பேச்சு வந்தது. அவர்களிடம் 'திக்கூன் ஓலாம்' என்று ஒரு சொல் இருக்கிறது. உலகத்தைத் திருத்துவது, பழுதைப் பார்ப்பது என்று அர்த்தம். குழுக் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கப் போன என்னையும் மிரியம் இருக்கச் சொன்னார். "கடவுள் திருத்துவார் என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. காற்றையும் தண்ணீரையும் மண்ணையும் பழுதாக்கியது நாங்கள். நாங்கள்தான் திருத்த வேண்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "சிவாவுக்கு இது புதிதில்லை. அவர் தினமும் திருத்துகிறார்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன்.

தீர்மானம் இதுதான்: ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் தோட்டம் போடுவார்கள். விளைவதில் பெரும்பங்கு, இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்குப் போகும். முன்பக்கத்தில் மேப்பிள் மர நிழல். பின்பக்கத்தில் நாள் முழுக்க வெயில், தண்ணீர்க் குழாயும் பக்கத்திலேயே.

மறுநாள் நிலவறைக்கு வந்தார். "கேள்வி ஒன்று. பின்பக்கத் துண்டில் மண் எப்படி?"

உண்மையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் இத்தனை வருடமும் கட்டடத்தின் முழுச் சாவிக்கொத்தும் என் இடுப்பில் தொங்கியது. என் கை சுத்தம் என்று நம்பித்தான் தந்தார்கள். அந்த ஒரு மரியாதையைத்தான் நான் இந்த ஊரில் சம்பாதித்திருந்தேன். இளைப்பாற இரண்டு வருடம் இருக்கையில் அது என் கண் முன்னால் போவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"நல்ல மண்" என்றேன்.

அவர் எழுதினார். "சிவா: நல்ல மண்" என்று வாசித்தார். "சரியா?"

"சரி."

பிள்ளைகள் மே கடைசியில் நட்டார்கள். கீரை, தக்காளி, போஞ்சி, சுக்கினி. மண்ணைக் கையால் கிளறி மண்புழு தேடினார்கள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு, மண் எண்ணெய் மணக்கிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். மணக்கவில்லை. இத்தனை வருட மழையும் பனியும் கழுவியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சொன்னதை நான் நம்பவில்லை. எப்படித் தெரியும் என்றால், வீட்டில் மனைவி ராணி கேட்டபோது நடந்ததைச் சொல்கிறேன்.

"இஞ்சேருங்கோ, சினகோக்கில கீரை போட்டிருக்கினமாம். ஒரு பிடி கொண்டு வந்தால் குறைஞ்சு போவியளோ?"

"அது ஏழையளுக்குக் குடுக்கிறது. நாங்கள் கை வைக்கக் கூடாது" என்றேன்.

ராணி அதைப் பெருமையாக நாலு பேருக்குச் சொன்னாள். உண்மையில் மிரியம் கிழமைதோறும் எனக்கென்று ஒரு பை தந்தார். ஒவ்வொரு பையையும் வீட்டுக்குப் போகும் வழியில் டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன மூலைக்கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். என் வீட்டுச் சட்டிக்குள் அந்தக் கீரையில் ஓர் இலைகூட விழ நான் விடவில்லை.

மற்றப் பைகளை வியாழக்கிழமை பின்னேரங்களில் நானே காரில் ஏற்றிப் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த உணவு வங்கிக்குக் கொண்டுபோனேன். பழைய மஞ்சள் திரைச்சீலை ஒன்றைப் பிள்ளைகள் நாடாவாக வெட்டி, ஒவ்வொரு பைக்கும் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் கட்டக் கூடாதென்று அவர்களுக்குள் ஒரு சட்டம். வரிசையில் எங்கள் ஆட்களும் நிற்பார்கள். சிலர் முகத்தைத் திருப்புவார்கள், நானும் தெரியாதவன் போல நிற்பேன். ஒருநாள், இடுப்பில் பெண் குழந்தையோடு நின்ற ஒரு தாய் நாடாவைக் கண்டுவிட்டு என்னோடு கதைத்தார்.

"அண்ணை, இது நீங்கள் கொண்டு வாறதோ? கடையில இப்பிடிப் பிஞ்சுக் கீரை கிடைக்காது. போன கிழமை பருப்போட கடைஞ்சு குடுத்தனான். இவள் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டவள்."

"ஓம், நல்ல கீரை" என்றேன். இன்னொரு பையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மற்றவற்றுக்கெல்லாம் பயம், சோம்பல் என்று ஏதோ ஒரு பெயர் வைக்கலாம். அந்த இரண்டாவது பைக்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடமும் பாவமன்னிப்பு நாளுக்கு முன் மிரியம் படியிறங்கி வந்தார். "தோட்டத்தால் உங்களுக்கு வேலை கூடிவிட்டது. நான் யோசிக்காமல் உங்கள் மேல் பாரத்தைப் போட்டேன். மன்னியுங்கள்" என்றார். சொல்லிவிட்டு வழமையைவிடக் கொஞ்சம் கூட நேரம் நின்றார். எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. "ஒன்றும் இல்லை மேடம்" என்றேன். அவர் போனபின் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

பாவமன்னிப்பு நாள் முடிந்து ஐந்தாம் நாள் இன்னொரு பண்டிகை தொடங்கும். முற்றத்தில் பலகையால் கொட்டில் போட்டு, மேலே கொப்புகளைப் பரப்பி, அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். அந்த ஒரு கிழமைக்குள் ஒருநாள் வேலையாட்களின் குடும்பங்களையும் கூப்பிடுவார்கள். ராணியும் வந்தாள். மிரியம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து உபசரித்தார்.

"எங்கள் தக்காளி எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

ராணி சிரித்தபடி, தன் ஆங்கிலத்தில், "எங்களுக்கு வேண்டாம் மேடம். ஏழைகளுக்குத்தான் என்று இவர் ஒரு நாளும் கொண்டு வரவில்லை" என்றாள்.

மிரியம் என்னைப் பார்த்தார். பதினைந்து பை தந்திருப்பார். பிறகு ராணிக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினார்.

மறுநாள் காலை நிலவறைக் கதவடியில் நின்றார். "இப்போது நேரம் இருக்கிறதா?"

தலையசைத்தேன்.

"கேள்வி ஒன்று. நீங்கள் ஏன் சாப்பிடவில்லை?"

சொன்னேன். முதலில் பாதி, பிறகு முழுவதும். அவர் அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியில் உட்கார்ந்தார். அவர் என் முன்னால் உட்கார்ந்தது அன்றுதான். கொப்பியைத் திறந்தார். என்ன ஊற்றினீர்கள், எந்த மாதங்களில், எத்தனை வாளி, எவ்வளவு ஆழம், ஒழுங்கையில் இருந்து எத்தனை அடி. ஒவ்வொன்றையும் எழுதித் திருப்பி வாசித்தார், சரியா என்று கேட்டார். குரல் ஒரே மாதிரி இருந்தது, பென்சில்தான் இரண்டு முறை முறிந்தது. முடிவில், "பிள்ளைகள் சாப்பிட்டார்கள்" என்றார். அது கேள்வி இல்லை. அவர் என்னை ஏசியிருந்தால் நான் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பேன்.

அந்த மணித்தியாலமே உணவு வங்கிக்குத் தொலைபேசி எடுத்தார். துண்டைச் சுற்றிக் கயிறு கட்டினோம். மண்ணைச் சோதிக்க ஓர் ஆள் துளையிடும் கருவியோடு வந்தார். கிடங்குகள் இருந்த இடங்களை நான்தான் காலால் தொட்டுக் காட்டினேன். எண்ணெய்க் கழிவும், பழைய பெயின்டில் இருந்து இறங்கிய ஈயமும் இருப்பதாகவும், மரக்கறி வளர்க்கத் தகாத மண் என்றும் அறிக்கை வந்தது. பிள்ளைகளுக்கு இரத்தம் சோதித்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தப் பதில்கள் வரும்வரை எனக்கு ஒரு வாய்ச் சோறு உள்ளே போகவில்லை.

ராணிக்கும் சொன்னேன். "அப்ப எங்கட வயித்தை மட்டும் பாத்திருக்கிறியள்" என்றாள். அதன்பின் நாலைந்து நாள் சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. மிரியம் எழுந்து நின்றார். "மண்ணைச் சோதிக்காமல் உங்கள் பிள்ளைகளை அதில் இறக்கினேன். இரசாயனம் படிப்பித்தவள் நான். அது என் பிழை" என்றார்.

ஒரு தகப்பன் கேட்டார்: "இங்கே வேலை செய்பவர்கள் யாருக்கும் தெரியாதா?"

அவர் கையில் அந்தக் கொப்பி இருந்தது. அதற்குள் என் பெயரும், அந்த இரண்டு சொல்லும் இருந்தன. அவர் அதைத் திறக்கவில்லை. "முன்னால் நடந்தது குழுவுக்குத் தெரியும், சரியான இடத்துக்கு அறிவித்துவிட்டோம். ஆனால் சோதிக்க வேண்டியவள் நான்" என்றார். நான் பின்சுவரோடு, அடுக்கிய கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு தரம் கண்ணை உயர்த்தி என் பக்கம் பார்த்தார், எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தது போல. நான் கதிரைகளை நேராக்கினேன். மிரியம் அன்றே தலைமைப் பதவியை விட்டார்.

குழு என்னை வேலையால் நிற்பாட்டவில்லை, இளைப்பாறும் வரை இருந்தேன். கெட்ட மண்ணை அள்ளி ஏற்றும்போது நானும் நின்றேன். புது மண் நிரப்பிய பலகைப் பெட்டிகளில் தோட்டம் திரும்ப வந்தது, பெட்டிகளை நான்தான் அடித்தேன். என் பிரியாவிடைக்கு, என் பங்கு தெரியாத பெற்றோரும் பிள்ளைகளும் 'தோட்டத்தின் காவலர்' என்று ஒரு பத்திரம் சட்டம் போட்டுத் தந்தார்கள். கோயில் தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்ததும், எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பத்திரத்தைக் கண்டிருந்ததால்தான்.

இன்னும் ஒன்றை நான் எழுதவில்லை. உணவு வங்கியில் யார் எந்தப் பையை வாங்கினார்கள் என்று பதிவு இல்லை. அதனால் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். மிரியம் எனக்கு ஒரு தாளைத் தந்து, "இதைத் தமிழில் நீங்கள் எழுதி ஒட்டுங்கள்" என்றார். எழுதினேன். கொண்டும் போனேன். வரிசையில் தெரிந்த முகங்கள் நின்றன. ஒட்டினால், இது என்ன அண்ணை என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியுந்தானே என்று சொல்லிக்கொண்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி திரும்பிவிட்டேன். ஒட்டிவிட்டேன் என்று மிரியமிடம் சொன்னேன்.

மிரியம் இப்போது ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். போன இலையுதிர்காலத்தில், அவர்களின் அந்த நாளுக்கு முன்னம், முதன்முறையாக நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன், ஒட்டாத தாளுக்கும்.

"எனக்குச் செய்ததை எப்போதோ மன்னித்துவிட்டேன், சிவா. ஆனால் அந்தக் கீரையை வாங்கிப்போனவர்களுக்காக மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. அவர்களிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றார்.

அவர்களில் பலர் இந்தக் கோயிலுக்கு வருபவர்கள். இந்த மலரும் அவர்கள் வீடுகளுக்குப் போகும். ஆகவே, உசார் வரக் கட்டுரை கேட்ட தம்பி என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். அன்று ஒட்டாத அறிவித்தலை, அன்று விட்ட வரிகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உணவு வங்கியில் வியாழக்கிழமைகளில் மஞ்சள் துணி நாடா கட்டிய பையில் கீரையும் தக்காளியும் வாங்கியவர்களுக்கு: அவை விளைந்த மண்ணில் எண்ணெய்க் கழிவும் ஈயமும் இருந்தன. உங்கள் குழந்தைகள் அவற்றைச் சாப்பிட்டிருந்தால், தயவுசெய்து வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதியுங்கள். அந்த மண்ணைக் கெடுத்தவன் நான். தெரிந்துகொண்டே பைகளைக் கொண்டுவந்து தந்தவனும் நான். என் வீட்டுக்கு ஒரு பையும் கொண்டுபோகவில்லை.

சிவபாலன்